அக்காவின் லேப்டாப்பா, தம்பியின் லேப்டாப்பா?

வாலாஜாபாத் பக்கம் தென்னேரியில், பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டில் அரசு கொடுத்த லேப்டாப் இரண்டு இருந்தால் அதில் வியப்பில்லை. மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது 2012இல் வாங்கியது ஒன்று. இளையவன் 2018இல் வாங்கியது இன்னொன்று. இரண்டும் இப்போது ஊர்ந்துதான் போகின்றன. எதற்குச் செலவு செய்வது, எதைப் பரணில் போடுவது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "புதுசை வெச்சுக்குங்க, பழசைத் தூக்கிப் போடுங்க." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி விஷயத்தில் பழசு எது, புதுசு எது என்பதே அவ்வளவு சுலபமாகத் தீர்கிற வழக்கு அல்ல.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. ஏசர், எச்சிஎல், லெனோவா, விப்ரோ என்று பல கம்பெனிகளின் பெட்டிகள் பள்ளிகளுக்கு வந்து இறங்கின. முதல் சுற்றில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் உள்ளே இருந்தது. அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைகளுக்குப் போயின. அரசியலை விடுங்கள், கணினியின் வேகத்தை ஆராய நினைப்பவருக்கு இது யாரும் திட்டமிடாமல் நடத்திய ஒரு பெரிய பரிசோதனை. ஒரே மாநிலம், ஒரே வயதுப் பயனாளர்கள், ஏறக்குறைய ஒரே வேலைகள். ஆண்டு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. சுற்றுக்குச் சுற்று இயந்திரங்கள் வேகமானவையாக ஆயினவா என்று கேட்டால், சில இடங்களில் ஆயின, சில இடங்களில் இருந்த இடத்திலேயே நின்றன.

லேப்டாப் ஒப்பிடுகிறவர்கள் முதலில் தேடுவது கிகாஹெர்ட்ஸ். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுதான். 2.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் சிப்பின் உள்துடிப்பு வினாடிக்கு 220 கோடி முறை. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. இந்த வித்தியாசத்தை உலகமே பாடமாகப் படித்தது 2003, 2004 காலத்தில். இன்டெல்லின் பென்டியம் 4 துடிப்பை ஏற்றுவதையே குறியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. ஒரு கட்டளையை முடிக்கும் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கினால் ஒவ்வொரு படியும் சீக்கிரம் முடியும், துடிப்பும் ஏறும். 2004இல் வந்த பிரெஸ்காட் வகையில் படிகள் 31. ஆனால் நிரல் நடுவில் "இப்படியானால் அங்கே போ" என்று ஒரு கிளை வந்தால், எந்தப் பக்கம் போகும் என்று சிப் ஊகித்து முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் பிசகினால் பாதியில் கிடக்கும் அத்தனை படிகளின் வேலையும் வீண். படிகள் கூடக்கூட வீணும் கூடும்.

அதே காலத்தில் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு லேப்டாப்புக்கென்றே பென்டியம் எம் என்ற சிப்பைச் செய்தது, வெளியானது 2003. துடிப்பு குறைவு, துடிப்புக்கு ஆகிற வேலை அதிகம். 1.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம், பல சோதனைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 லேப்டாப் சிப்பை எட்டிப் பிடித்தது. பேட்டரியும் கூடுதல் நேரம் நின்றது. பென்டியம் 4 கடைசியில் 3.8 கிகாஹெர்ட்ஸில் முட்டி நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 2004 அக்டோபரில் இன்டெல்லே கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 வரிசை ஹைஃபா வழியைத்தான் பின்பற்றியது.

சூடு இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், எனவே சதுர மில்லிமீட்டருக்கு ஆகும் சூடு ஏறாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974இல் காட்டினார். முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு சரியாக வந்தது. அதற்குப் பிறகு டிரான்சிஸ்டர் சிறுத்தாலும் மின்னழுத்தம் இறங்க மறுத்தது. துடிப்பை ஏற்றினால் சிப் வெந்துவிடும் என்ற நிலை. அதனால்தான் 2012 லேப்டாப்பின் ஸ்டிக்கரிலும் 2018 லேப்டாப்பின் ஸ்டிக்கரிலும் ஏறக்குறைய ஒரே எண்.

சரி, கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு ஆண்டைப் பார்க்கலாமா? அதிலும் கண்ணி உண்டு. லேப்டாப் விற்ற ஆண்டு வேறு, அதன் உள்ளே இருக்கும் சிப்பின் வடிவம் பிறந்த ஆண்டு வேறு. அரசுத் திட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் பரவலாக வந்த லெனோவா ஈ41-25 மாடலில் ஏஎம்டியின் ஏ4 வகைச் சிப் இருந்தது. கோர், அதாவது கணக்குப் போடும் மையம், இரண்டு. ஆனால் தசமக் கணக்கு போடும் பகுதியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும் பழைய வடிவம் அது; 28 நானோமீட்டர் உற்பத்தி முறை. இதே ஏஎம்டி 2017இலேயே ரைசன் என்ற புது வரிசையைக் கொண்டுவந்துவிட்டது. முந்தைய வடிவத்தைவிட ஒரு துடிப்புக்கு 52 சதவீதம் கூடுதல் வேலை என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. ஆக, 2018இல் ஒரே கம்பெனியின் இரண்டு தலைமுறைகள் ஒரே நேரத்தில் சந்தையில் இருந்தன. லட்சக்கணக்கில் மலிவாக வாங்குகிற டெண்டருக்கு எது வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

2011, 2012 காலத்து மலிவு லேப்டாப்களில் பரவலாக இருந்த பென்டியம் பி960-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ், 32 நானோமீட்டர், 35 வாட். ஏ4-இன் இயல்பு மின்செலவு 15 வாட்தான். ஒரே ஒரு கோரை மட்டும் வேலை வாங்கும் கணக்குகளில் ஏ4 முந்தும். ஆனால் ஆறேழு ஆண்டு இடைவெளிக்கு நாம் எதிர்பார்க்கிற முந்தல் அல்ல அது. மின்சாரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு அந்த வேகத்தைத் தருகிறது என்பதுதான் அதன் உண்மையான சாதனை. கடை ஸ்டிக்கரில் அதற்கு இடமில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நன்றாகத் தெரியும். 2012இல் வந்த டி430 மாடலில் ஐ5-3320எம் சிப். 35 வாட், அடிப்படைத் துடிப்பு 2.6 கிகாஹெர்ட்ஸ். அடுத்து 2013 கடைசியில் வந்த டி440இல் ஐ5-4300யு. 15 வாட், 1.9 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் இரண்டே கோர். நெடுநேரம் மூச்சு விடாமல் வேலை செய்யச் சொன்னால் பழைய டி430 புதியதற்குச் சளைக்காது, பல வேலைகளில் முந்தியும் விடும். புதியது மெல்லிசு, கனம் குறைவு, பேட்டரி நிற்கும். சிப்பின் பெயரில் கடைசியில் வரும் எம்-மும் யு-வும் சொல்கிற சேதி, முன்னால் வரும் 3-ஐயும் 4-ஐயும்விடப் பெரியது. பெயரை நம்பி ஏமாறுவதற்கு இன்னொரு உதாரணம் பென்டியம் என்ற பெயரே. 1993இலிருந்து 2022 வரை எத்தனையோ வெவ்வேறு வடிவங்களுக்கு அந்த ஒரே பெயரைச் சூட்டினார்கள். பென்டியம் பி960 கோர் வரிசையின் தம்பி. 2014இல் வந்த பென்டியம் என்3540 செல்போன், டேப்லெட்டுக்கான ஆட்டம் வரிசையின் பிள்ளை. பின்னதில் நான்கு கோர், முன்னதில் இரண்டு. ஆனால் ஒரு கோருக்கு ஒரு கோர் என்று மோதவிட்டால் பழைய பி960தான் ஜெயிக்கும்.

இதுவரை பேசியது சிப்பைப் பற்றி. தென்னேரி வீட்டு லேப்டாப் இரண்டும் ஊர்வதற்கு சிப் முக்கியக் காரணமே அல்ல. பட்டனை அழுத்திவிட்டு விண்டோஸ் திறக்கக் காத்திருக்கும்போது லேப்டாப்பின் இடது உள்ளங்கைப் பக்கமோ வலது பக்கமோ காதை வைத்துக் கேளுங்கள். கறுக்கு கறுக்கென்று சன்னமாக ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க்கின் தலை இங்குமங்கும் ஓடுகிற சத்தம் அது. வேகத்தின் கதை முழுக்க அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. நமக்கு வேண்டிய தகவல் தட்டில் எங்கோ இருக்கிறது. தலை முதலில் அந்த வளையத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறக்குறைய 12 மில்லி வினாடி. பிறகு அந்த இடம் சுற்றி வந்து தலைக்கு நேராக நிற்க வேண்டும், சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லி வினாடி. கூட்டினால் 17, 18 மில்லி வினாடி. அப்படியானால் சிதறிக் கிடக்கும் தகவல்களை வினாடிக்கு ஏறத்தாழ 60 முறைதான் எட்டி எடுக்க முடியும். ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட் எடுத்தால் வினாடிக்கு வெறும் 240 கிலோபைட். இதே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சினிமாக் கோப்பை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வரிசையாக நகல் எடுத்தால் வினாடிக்கு 80, 100 மெகாபைட் வரும். ஒரே கருவி, வேலையின் தன்மை மாறியதும் முந்நூறு நானூறு மடங்கு வித்தியாசம். விண்டோஸ் திறப்பது சினிமாக் கோப்பு போன்றது அல்ல. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குவது.

இந்தக் கால அளவுகள் மனசில் பதிவதில்லை என்பதால், தறியில் உட்கார்ந்திருப்பவரின் அளவுக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். ரேமிலிருந்து ஒரு தகவல் வர சுமார் 100 நானோ வினாடி. அதைப் பக்கத்தில் கிடக்கும் நாடாவை எட்டி எடுக்கிற ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியிலிருந்து வருவது பதினேழு நிமிடம்: தெருக்கோடிக் கடைக்குப் போய் வரலாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருவது ஏறக்குறைய இரண்டு நாள்: கர்நாடகத்துக்கு பஸ் ஏறிப்போய் பட்டு நூல் வாங்கி வருகிற நேரம். அதுவரை தறி சும்மா நிற்கும்.

2012 லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க். 2018 லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்க்; கொள்ளளவு ஏறியதே தவிர தட்டின் சுழற்சி அதே ரகம். இடையில் சிப் மாறியது, ரேம் 4 ஜிபி ஆனது, விண்டோஸ் 10 வந்தது. காத்திருப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967இல் சொன்ன ஒரு கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். லேப்டாப் திறக்க 100 வினாடி ஆகிறது, அதில் 80 வினாடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பது, 20 வினாடிதான் சிப்பின் வேலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சிப்பை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 20 வினாடி 10 ஆகும், மொத்தம் 90. பயனாளருக்கு வித்தியாசமே தெரியாது. சிப்பைத் தொடாமல் டிஸ்க்கை மட்டும் ஐம்பது மடங்கு வேகமாக்கினால் 80 வினாடி 1.6 ஆகும், மொத்தம் 22 வினாடிக்குள். அம்தால் பேசியது பல சிப்களை இணையாக ஓட்டுவது பற்றி என்றாலும், ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால் மொத்தத்துக்கு என்ன கிடைக்கும் என்ற எல்லாக் கேள்விக்கும் அதே சூத்திரம்தான்.

"பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டு என்ன பிரயோஜனம், அதன் சாட்டா இணைப்பே பழசு, பாதி வேகம்தான் வரும்" என்று சொல்கிற ரிப்பேர் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். சொல்வது பாதி உண்மை. டிஸ்க்கை லேப்டாப்போடு சேர்க்கும் பழைய சாட்டா 2 இணைப்பு வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் தாங்காது, புதியது 600 வரை தாங்கும். ஆனால் சின்னக் கோப்புகளைப் பொறுக்கும் வேலையில் சாதாரண எஸ்எஸ்டியே வினாடிக்கு இருபது முப்பது மெகாபைட்தான் தரும். அந்த ஓட்டத்துக்குப் பழைய குழாயே தாராளம். நிற்கிற நேரம் 17 மில்லி வினாடியிலிருந்து 0.1 மில்லி வினாடிக்கு இறங்குவதுதான் கைக்குத் தெரிகிற மாற்றம். அதற்கு இணைப்பின் பழமை குறுக்கே நிற்பதில்லை.

ரேம் பற்றாக்குறையும் கடைசியில் இதே டிஸ்க்கிடம்தான் கொண்டுபோய் விடும். 2 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் நான்கு பக்கங்களும் திறந்தால் இடம் போதாது. அப்போது ரேமில் உடனே தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும்; தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும்போது திரை உறைந்து, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறதே, அந்த நேரத்தில் நடப்பது இந்தச் சுமைதூக்கும் வேலை. சிப் அப்போது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். 2 ஜிபியை 4 ஆக்கினால் வருகிற பலன் பெரியது. 8-ஐ 16 ஆக்கினால் இந்த வீட்டு வேலைக்கு ஒன்றும் வராது. ரேம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2012 லேப்டாப் டிடிஆர்3, 2018 லேப்டாப் டிடிஆர்4. ஒன்றினுடையது மற்றதில் ஏறாது, பள்ளமே வேறு இடத்தில் வெட்டியிருப்பார்கள்.

இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பதற்குப் பதில் மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டுவிட முடியாதா? அந்த ஆசையில் பிறந்தவைதான் பெஞ்ச்மார்க் சோதனைகள். 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய டிரைஸ்டோன் என்ற சின்ன நிரல் பல காலம் கணினி வேகத்தின் அளவுகோலாக இருந்தது. சின்ன நிரல் என்பதே அதன் குறை. சிப்பின் உள்நினைவிலேயே முழுதும் அடங்கிவிடும், வெளியே காத்திருப்பது என்பதே அதற்கு நேராது. அதன் விடையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று மோப்பம் பிடித்த கம்பைலர்கள் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள்), சில பகுதிகளைச் செய்யாமலே தாண்டிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் ஏற்றிக் காட்டின. பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பழக்கம் இயந்திரத்துக்கும் வரும் போலிருக்கிறது. இதற்கு மாற்றாக 1988இல் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கூடி ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கின. உண்மையான பெரிய நிரல்களையே ஓட்டி நேரம் பார்ப்பது அதன் வழி.

அதிலும் சராசரி எடுக்கும்போது ஒரு சுவாரசியமான வம்பு உண்டு. இரண்டு லேப்டாப், இரண்டு வேலை. முதல் வேலையை அக்காவின் லேப்டாப் 10 வினாடியில் முடிக்கிறது, தம்பியுடையது 20 வினாடியில். இரண்டாவது வேலையில் தலைகீழ்: அக்காவுடையது 20, தம்பியுடையது 10. அக்காவின் லேப்டாப்பை அளவாக வைத்தால், தம்பியுடையது ஒரு வேலையில் 2 மடங்கு நேரம், மற்றதில் அரை மடங்கு, சராசரி 1.25. அதாவது தம்பியுடையது 25 சதவீதம் மந்தம். இப்போது தம்பியின் லேப்டாப்பை அளவாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அக்காவுடையது 25 சதவீதம் மந்தம் என்று வரும்! இரண்டும் ஒன்றைவிட ஒன்று மந்தமாக இருக்க முடியாதே. விகிதங்களைக் கூட்டி வகுக்கக் கூடாது, பெருக்கி, அந்தப் பெருக்கத்தின் மூலத்தை எடுக்க வேண்டும் என்று ஃபிளெமிங், வாலஸ் என்ற இருவர் 1986இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். ஸ்பெக் அமைப்பும் பெருக்குச் சராசரியைத்தான் பயன்படுத்துகிறது. யூடியூப் வீடியோவில் "25 சதவீதம் ஃபாஸ்ட்" என்று யாராவது சொன்னால் எதை அளவாக வைத்து, எப்படிச் சராசரி எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பெஞ்ச்மார்க் பட்டியலும் சொல்லாத ஒன்று தறி வீட்டில் இருக்கிறது. சில ஆண்டுகள் ஓடிய லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றி, விசிறியைத் தூக்கிப் பாருங்கள். விசிறிக்கும் செம்புக் குழாயின் முனையிலுள்ள தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். சாதாரண வீடுகளில் அது சாம்பல் நிறத் தூசி. நூல் புழங்குகிற வீட்டிலோ கையில் எடுத்துப் பிரித்தால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இழைகள் வரும்; பாவு ஓட்டியபோதும் நூல் சுற்றியபோதும் பறந்த பிசிறு. காற்று புகுந்து வெளியேற வேண்டிய இடம் அது. அது அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. சிப்பின் சூடு 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அது தானே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். காஞ்சிபுரத்து மே மாதத்தில் வெளிக்காற்றே 40 டிகிரி. ஆக, ஸ்டிக்கரில் 2.2 என்று இருந்தாலும் உள்ளே ஓடுவது அதில் பாதியாக இருக்கலாம். 35 வாட் சிப்புக்கு இந்தத் தொல்லை அதிகம், 15 வாட் சிப்புக்குக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் தம்பியின் லேப்டாப்புக்கு உண்மையான அனுகூலம் உண்டு. இரண்டையும் ஒப்பிட நினைப்பவர், முதலில் இரண்டின் விசிறியையும் சுத்தம் செய்து, காய்ந்து பொருக்குத் தட்டிப்போன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, இரண்டையும் சார்ஜரில் சொருகி வைத்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் சிக்கனத்துக்காக வேகத்தைத் தாமே குறைக்கும்.

பிறகு கேட்க வேண்டியது, எந்த வேலைக்கு? சேலை டிசைன் போடும் வேலை என்று எடுத்துக்கொள்வோம். டிசைனுக்கு ஏற்பத் தறியின் இழைகளைத் தூக்கும் 240 ஹூக் ஜக்கார்டு பெட்டிக்கு ஒரு பார்டர் வரைகிறார்கள். குறுக்கே 240 கட்டம், துளை அட்டைக்கு ஒரு வரி வீதம் ஆயிரம் அட்டை என்றால் நெடுக்கே 1000 வரி. மொத்தம் 2,40,000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஹூக் ஏறுமா ஏறாதா என்ற ஒரே தகவல்தான். முப்பது கிலோபைட் போதும். செல்போனில் எடுத்த ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இந்த வேலைக்கு 2012 லேப்டாப் மட்டுமல்ல, அதற்குப் பதினைந்து ஆண்டு முந்தைய கணினியும் திணறாது. எஸ்எஸ்டி போட்டு ரேமை 4 ஜிபி ஆக்கிய அக்காவின் லேப்டாப், ஹார்ட் டிஸ்க்கோடு ஊர்கிற தம்பியின் லேப்டாப்பைக் காட்டிலும் இதில் கைக்கு வேகமாகவே இருக்கும்.

வாங்க வருகிறவர்களுக்கு வீடியோ காலில் சேலையைக் காட்டுவது, யூடியூப் பார்ப்பது என்று வந்தால் கதை மாறும். வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறார்கள். விரிக்கிற வேலைக்குச் சிப்பிலேயே தனிப் பகுதி ஒன்று இருக்கும். பென்டியம் பி960 தலைமுறைக்கு எச்.264 என்ற சுருக்க முறை தெரியும். யூடியூப் அதற்குப் பிறகு வந்த விபி9 முறையில்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. அது இந்தச் சிப்புக்குத் தெரியாது. தெரியாததைக் கணக்குப் போடும் பொதுப் பகுதியே விரிக்க வேண்டும். விசிறி அலறும், படம் விட்டு விட்டு ஓடும். இன்டெல் சிப்களில் விபி9-க்கு முழு வன்பொருள் ஆதரவு வந்தது ஏழாம் தலைமுறையில், 2016 வாக்கில். இங்கே எஸ்எஸ்டியால் ஆவது ஒன்றுமில்லை. பழைய எச்.264 முறையிலேயே அனுப்பச் சொல்லிக் கேட்கும் சிறு பிரவுசர் நீட்சி ஒன்று போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். அல்லது 480பி-யில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, இயந்திரம் ஓடினாலும் மென்பொருள் கைவிடுகிற கணக்கு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. குரோம் பிரவுசர் அதில் புதுப்பிக்கப்படுவது 2023 தொடக்கத்தில் நின்றது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாஃப்ட் அனுமதித்த பட்டியலில் சிப்பின் பெயரும் வேண்டும். இன்டெல்லில் அது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 2012 லேப்டாப் இதில் தேறாது. 2018இல் வந்த ஏ4 லேப்டாப்பும் தேறாது. ஆறு வயது வித்தியாசம் இந்த வாசலில் ஒரே வரிசையில் நிற்கிறது.

இரண்டுக்கும் மிச்சமிருக்கிற வழி லினக்ஸ். அங்கே ஒரு தவறான எண்ணத்தால் பல நல்ல லேப்டாப்கள் காயலான் கடைக்குப் போகின்றன. 2012 காலத்து மலிவு லேப்டாப்கள் பலவற்றில் 32 பிட் விண்டோஸ் இருந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே கிடைத்தது. 2 ஜிபிக்கு மேல் ரேமையும் எடுத்துக்கொள்ளாது, வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது. அதைப் பார்த்தவர்கள் லேப்டாப்பே 32 பிட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கான நிறுவல் வசதியை நிறுத்திவிட்டதால், இனி வழியில்லை என்றும் நினைக்கிறார்கள். ஆனால் 2011, 2012-இன் பென்டியம், செலரான் லேப்டாப் சிப்கள் 64 பிட் சிப்கள்தான். மேலே போட்டிருந்த விண்டோஸ்தான் 32. பென்டிரைவில் 64 பிட் டெபியனை ஏற்றி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்போடு சொருகிப் பார்த்தால் திறக்கும். நிறுவுவதற்கு முன் ரேமை மட்டும் 4 ஜிபி ஆக்கிவிடுங்கள். 64 பிட்டுக்கு மாறினால் முகவரிகளின் நீளம் இரட்டிப்பதால் அதே பிரவுசர் முன்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும்.